கொதிகலன் அறைச் சுவர்

அப்பாவின் இறுதி ஆராதனையன்று
தேவாலயம் விறைத்துக் கிடந்தது.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
உள்ளே பாஸ்டர் இங்கெரின் வாயிலிருந்து
சொல்லுக்கு முன்னால் ஆவி வந்தது.
ஆர்கன் வாசிக்கும் வெர்னா
விரல் நுனி வெட்டிய கையுறையோடு காத்திருந்தாள்.
கொதிகலனை மூட்ட யாருக்கும் தெரியவில்லை.
நாற்பத்தோரு வருடம் தெரிந்துவைத்திருந்தவர்
பைன் பெட்டிக்குள் படுத்திருந்தார்.
நார்த் டகோட்டாவின் மண் இளகும் ஏப்ரல் வரை
அவரைப் புதைக்கவும் வழியில்லை.

‘ஆர்விட் எழுந்து வந்து மூட்டினால்தான் உண்டு’
என்றார் பின்வரிசையில் ஒரு பீட்ரூட் விவசாயி.
முதலில் சிரித்தது அம்மாதான்.
பிறகு சாவிக்கொத்தை என் மடியில் வைத்தாள்.

பதினேழு சாவிகள்.
தேவாலயம், தீயணைப்புக் கொட்டகை,
ஆம்புலன்ஸ், பள்ளிப் பேருந்து,
குழாய் உறையும்போதெல்லாம் அவர் நுழைகிற
ஹால்டிஸ் மாமியின் பின்கதவு,
எதற்கென்று இனி யாருக்கும் தெரியப்போகாத ஆறேழு.
எங்கள் வீட்டுச் சாவி அதில் இல்லை.
எங்கள் வீட்டை அவர் பூட்டியதே இல்லை.

படியிறங்கினேன்.
எண்ணெய் வாடை. ஒற்றை பல்பு.
கொதிகலனுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பென்சில்.

*ஜனவரி 9. −31. மூன்றாவது முறை பிடித்தது.*
*வால்வை இடப்பக்கம் தட்டு. திட்டாதே.*

*மார்ச் 2. சோல்வெய்க் பிறந்தாள், 4.05க்கு.*
*இங்கே வர இருபது நிமிடம் தாமதம். மன்னிக்கவும்.*

யாரிடம் கேட்ட மன்னிப்பு?
கர்த்தரிடமா, கொதிகலனிடமா?
அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம்.
சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபம்
உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் முடிந்துவிடும்.
ஊரில் எவர் வீட்டில் நெஞ்சு வலித்தாலும்
எங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலியாகும்.
அந்த நாற்காலியை நான் வெகுநாள் வெறுத்தேன்.

*சோல்வெய்க்கின் நாடகம்.*
*பாதியில் போக வேண்டியதாயிற்று.*
*எல்ஸ்டாட் வீட்டில் மாரடைப்பு. பிழைத்தார்.*
*அவள் என்னோடு பேசவில்லை. சரிதான்.*

சரிதான்.
அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்தேன்.
கரி ஒட்டியது.

இன்னும் கீழே, குனிந்து படிக்க வேண்டிய உயரத்தில்,
தம்பியைத் தானியக் கிடங்கு விழுங்கிய வருடம்.

*நவம்பர் 14. லெய்ஃபை நேற்று அடக்கம் செய்தோம்.*
*ஜெபம் வரவில்லை. தீ வந்தது.*

*நவம்பர் 21. வரவில்லை. 64 டிகிரி.*

*நவம்பர் 28. வரவில்லை. 66.*

பன்னிரண்டு ஞாயிறு இப்படியே.
பன்னிரண்டு ஞாயிறும் மேலே நாங்கள்
கோட்டுகளைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுப் பாடினோம்.
தொண்டை அடைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்து
ஊர் பாடியது.
அப்பா வாசலோரம் நின்று
வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிக்கொண்டிருப்பார்.
அவர் வாய் அசைந்ததா என்று
ஒருவரும் பார்க்கவில்லை, நானும்.

*பிப்ரவரி 6. கொஞ்சம்.*

அவ்வளவுதான் எழுதியிருந்தது.
எவ்வளவு கொஞ்சம், என்ன ஜெபம், ஒன்றுமில்லை.
அடுத்த வரியில் வடிகட்டி மாற்றிய செலவு.

தீக்குச்சி கிழித்தேன். அணைந்தது.
இடப்பக்கம் தட்டினேன். அணைந்தது.
எல்ஸ்டாட்டின் பேரப்பிள்ளைகள் மேலே காலை உதைத்துச்
சூடேற்றிக்கொள்ளும் சத்தம்.
மறுபடி தட்டினேன்.
இரும்புக்குள் எங்கோ ஒரு பெருமூச்சு,
பிறகு நீலம், பிறகு குழாய்கள் ஒவ்வொன்றாக
மேல்நோக்கித் தட்டிக்கொண்டு போயின.

ஆணியில் கயிறு, கயிற்றில் பென்சில்.
கட்டைவிரல் நீளம்தான் மிச்சம்.
பெரிதாக ஏதாவது எழுத நினைத்தேன்.
அதற்குள் வெர்னா
முதல் கட்டையை அழுத்திவிட்டாள்.
இப்படி எழுதிவிட்டு ஓடினேன்:

*டிசம்பர் 17. −28. மூன்றாவது முறை பிடித்தது.*
*ஒருமுறை திட்டினேன்.*